கிறிஸ்துமஸ் நெரிசலில் கொல்கத்தா நியூ மார்க்கெட்: படம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் மூன்றாம் வாரம் ஆகிவிட்டால் நியூ மார்க்கெட்டுக்குள் கால் வைக்க இடம் கிடைப்பது கஷ்டம். 1874-இல் திறந்த சிவப்புச் செங்கல் கட்டடம், உள்ளே கூரைக்குக் கீழே வரிசை வரிசையாகக் கடைகள். கேமராவோடு வருகிறவர்களில் பலர் கூட்டத்தோடு நகர்ந்தபடியே க்ளிக் செய்துகொண்டு போவார்கள். அப்புறம் பார்த்தால் எல்லாப் படத்திலும் முதுகும் பின்னந்தலையும்தான். ஓர் இடம் பார்த்து நில்லுங்கள். 1902-இல் பாக்தாதி யூதர் (பாக்தாத் பக்கமிருந்து வந்து குடியேறிய யூத சமூகத்தவர்) ஒருவர் தொடங்கிய நஹூம் கேக் கடை இந்த மார்க்கெட்டுக்குள்தான் இருக்கிறது. பண்டிகை நெருங்க நெருங்க பிளம் கேக்குக்கு வரிசை நீளும். வரிசையின் நீளத்தை எடுக்க மெனக்கெடாதீர்கள். கடை ஓரமாக ஒதுங்கி நின்றால், கேக்கை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்து வெளியேற வழி தேடும் முகம் நேராக உங்கள் பக்கம் திரும்பும். அந்த ஒரு முகம் போதும், நெரிசல் தானாகப் புரியும்.

அடுத்தது வெளிச்சம். ஆளை அசைவில்லாமல் பிடிக்க ஷட்டர் வேகத்தை, அதாவது கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரத்தை, 1/500 நொடிக்கு ஏற்றிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான். நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுழற்சி; ஒவ்வொரு சுழற்சிக்கும் விளக்கு இரண்டு தடவை மினுக்கும். பழைய ட்யூப் லைட்டும் மலிவான எல்.ஈ.டி.யும் நொடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கல், ஷட்டர் வேகமாக இருந்தால் படத்தில் குறுக்குப் பட்டையாக விழும். 1/100 அல்லது 1/50 வைத்தால் பெரும்பாலும் பட்டை போய்விடும். நடப்பவர்கள் கொஞ்சம் கலங்கித் தெரிவார்கள், தெரியட்டும். கூட்டத்தின் பரபரப்பே அதில்தான் இருக்கிறது. வெளிச்சம் போதவில்லையா, ஐ.எஸ்.ஓ.வை (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு உணரும் என்ற அளவு) 3200 வரை தயங்காமல் கூட்டுங்கள். ஃப்ளாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். முன்னால் நிற்பவர் வெளுத்துப்போவார், பின்னால் தொங்கும் நட்சத்திரங்களும் சீரியல் விளக்குகளும் இருட்டில் போய்விடும்.

ட்ரைபாட், முதுகுப் பை இரண்டையும் அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பெரிய மூங்கில் கூடையைத் தலையில் சுமந்து வரும் கூலித் தொழிலாளர்களை எல்லோருக்கும் எடுக்கத் தோன்றும். பாரத்தோடு வருகிறவரை வழிமறித்து நிற்க வைப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. வழி விடுங்கள். கூடையை இறக்கி வைத்த பிறகு கேளுங்கள். சரி என்றால் எடுங்கள், தலையசைத்து மறுத்தால் கேமராவை இறக்கிவிடுங்கள்.