பட்டறையில் கையுறை: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐடிஐ முடித்துவிட்டுப் பட்டறைக்கு வருகிற பையன்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் அதே தவறுகள்தான். கையுறை போட மறப்பது, கிழிந்ததைப் போடுவது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை, அதை இரண்டாம் நாளே யாராவது திட்டித் திருத்திவிடுவார்கள். கையுறை போட்டதாலேயே வருகிற ஆபத்தைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

சுற்றுகிற மெஷினில் கையுறை

டிரில்லிங், லேத், மில்லிங் எதுவானாலும் சரி, ஓடும்போது கையுறையோடு பக்கத்தில் போகக் கூடாது. கேட்டால், "சுருள் கையைக் கிழிக்குதுங்கண்ணா" என்பார்கள். உலோகத்திலிருந்து சீவி வருகிற அந்தச் சுருள் கிழிப்பது உண்மைதான். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரும்பில் 10 மி.மீ. ஓட்டை போட மெஷினை 900 ஆர்பிஎம் அளவில் ஓட்டுகிறோம். நொடிக்கு 15 சுற்று. கையுறை நூல் பிட்டில் (ஓட்டை போடும் அலகில்) மாட்டியதை உணர்ந்து கையை இழுக்க நமக்குக் கால் நொடியாவது ஆகும். அதற்குள் பிட்டைப் பிடித்திருக்கிற சக் கிட்டத்தட்ட நாலு சுற்று சுற்றிவிடும். 50 மி.மீ. சக் என்றால் ஒரு சுற்றுக்கு 16 செ.மீ., மொத்தம் அரை மீட்டருக்கு மேல். விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்குமே அவ்வளவு நீளம் கிடையாது.

வெறுங்கை பட்டால் வெட்டுப்படும், ஆனால் பெரும்பாலும் கை வெளியே வந்துவிடும். கையுறையோ லேசில் கிழியாமல் விரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் சீனியர் ஒருவர் மோதிர விரலை இப்படித்தான் இழந்தார். ஓட்டை போட்டு முடித்தாயிற்று. சுற்றிக்கொண்டிருந்த பிட்டில் தொங்கிய சுருளைத் தட்டிவிடக் கையை நீட்டினார், அவ்வளவுதான். ஸ்விட்ச் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அப்புறம் அவர் மெஷின் பக்கமே வரவில்லை, வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும், ஆர்டர் தருகிற கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்றதும் எல்லோருக்கும் வெள்ளைக் காட்டன் கையுறையை மாட்டி, ஓடுகிற மெஷின் முன்னால் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஓடும் இயந்திரத்தில் கைவைத்து வேலை பார்க்க வேண்டியவர் உடம்போடு ஒட்டிய உடைதான் அணிய வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 22ஆம் பிரிவே சொன்னது. தொளதொளவென்ற நூல் கையுறை அதற்கு நேர் எதிர்.

மெஷினை நிறுத்துங்கள். சக் முழுசாக நின்ற பிறகு பிரஷ்ஷாலோ கம்பிக் கொக்கியாலோ சுருளை எடுங்கள். கூரான ஜாப்பை, அதாவது வேலை செய்கிற உலோகத் துண்டை, மாட்டவும் கழற்றவும் கையுறை போடலாம், போட வேண்டும். ஸ்விட்சைத் தொடும் முன் கழற்றிவிடுங்கள்.

வெல்டிங் கையுறையோடு பழுத்த ஜாப்பைத் தூக்குவது

குறடு இருக்கிறது. தோல் கையுறை சூட்டில் சுருங்கி விறைத்துவிட்டால் அப்புறம் விரல் மடங்காது.

ஈரமான கையுறையோடு வெல்டிங்

ஷாக் அடிக்கும். வேண்டாம்.

எல்லாக் கெமிக்கலுக்கும் ஒரே ரப்பர் கையுறை

அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான். 1996 ஆகஸ்டில் அவருடைய லேடெக்ஸ் கையுறைமேல் டைமெத்தில் மெர்க்குரி சில துளி சிந்தியது. கையுறையில் ஓட்டை எதுவும் இல்லை, ஆனாலும் அது ஊடுருவித் தோலுக்குள் போய்விட்டது. அடுத்த ஜூனில் பாதரச நஞ்சால் இறந்துபோனார். நம் பட்டறைகளில் அந்த ரசாயனம் கிடையாது, ஆனால் அசிட்டோன் இருக்கிறது. எண்ணெய்க்கும் கிரீஸுக்கும் நன்றாகத் தாங்குகிற நைட்ரைல் கையுறை அசிட்டோனுக்குத் தாங்காது, அதற்கு பியூட்டைல் ரப்பர் வேண்டும். எதற்குத் தாங்கும் என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

கரண்ட் வேலைக்குச் சமையலறைக் கையுறை

கரண்ட் வேலை ரப்பர் கையுறைக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 4770, அந்த முத்திரை உள்ளதை மட்டும் வாங்குங்கள். ஒவ்வொரு முறை போடும் முன்பும் மணிக்கட்டுப் பக்கமிருந்து சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, காதருகே வைத்துக் கேளுங்கள். காற்றுக் கசிந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள், பஞ்சர் ஒட்டிப் பார்க்காதீர்கள்.