உயர் தெளிவு ஒலிப்பதிவா, ஊதிப் பெருக்கிய கோப்பா? கண்டறியும் முறை

24 பிட் (ஒவ்வொரு புள்ளியையும் அளக்கும் நுணுக்கம்), 96 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை ஒலியை அளந்தது என்ற சாம்பிளிங் வீதம்) என்று ஒரு கோப்பின் மேல் எழுதியிருப்பது பாத்திரத்தின் அளவைச் சொல்லுமே தவிர, அதில் என்ன ஊற்றப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லாது. குறுந்தகட்டின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவை எந்த ஒலி மென்பொருளிலும் கொடுத்துச் சில நொடிகளில் 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பாக எடுத்துவிடலாம். அதில் கூடியிருப்பவை கணக்கிட்டு இட்டு நிரப்பிய புள்ளிகள் மட்டுமே. ஒலி ஒரு துளியும் கூடியிருக்காது. காதால் கேட்டு இதைப் பிரித்தறிய முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் மனிதச் செவியின் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. 2007-இல் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியான புகழ்பெற்ற கேட்புச் சோதனையில்கூட, உயர் தெளிவு என்று பயன்படுத்திய தட்டுகள் எல்லாமே அத்தகையவைதாமா என்ற கேள்வி பின்னர் எழுந்தது. ஆய்வாளர்களுக்கே நேர்ந்த சிக்கல் இது என்பதால், கண்ணால் பார்த்துச் சோதிப்பதே நல்லது.

அதற்கு உரிய கருவி, நேரத்தைக் கிடையாகவும் அதிர்வெண்ணைச் செங்குத்தாகவும் வைத்து ஒலியின் வலிமையை நிறத்தால் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம். இலவசமாகக் கிடைக்கும் ஸ்பெக், ஆடாசிட்டி ஆகிய இரண்டுமே போதும். ஆடாசிட்டியில் பார்ப்பவர்கள் அதிர்வெண் அளவுகோலை நேரியலாக மாற்றி, மேல் எல்லை 20 கிலோஹெர்ட்ஸில் நின்றிருந்தால் அதைச் சாம்பிளிங் வீதத்தின் பாதிவரை உயர்த்தி, டெசிபல் வீச்சை 120 அளவுக்கு விரித்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் பார்த்தால் தேட வேண்டிய பகுதியே திரையில் இருக்காது.

ஒரு பதிவு ஏந்தக்கூடிய உச்ச அதிர்வெண் அதன் சாம்பிளிங் வீதத்தில் பாதி என்பதே இந்தச் சோதனையின் அடிப்படை. 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் ஒலி 48 வரை செல்ல இடம் இருக்க, பாட்டு முழுவதும் 22 கிலோஹெர்ட்ஸை ஒட்டிக் கத்தியால் வெட்டியதுபோல் நின்று, அதற்கு மேல் வெறும் இருட்டாக இருந்தால், அது குறுந்தகட்டுத் தரத்திலிருந்து பெருக்கியது. வெட்டு 24-இல் இருந்தால் மூலம் 48 கிலோஹெர்ட்ஸ்; 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் வெட்டு 48-இல் இருந்தால் மூலம் 96. வெட்டு 16-ஐ ஒட்டியிருந்தால் மூலம் குறைந்த பிட் வீத எம்பி3 ஆக இருக்கக்கூடும், அது பெருக்கல்கூட அல்ல, மோசடி.

ஆனால் மேலே இசை இல்லை என்பதற்காக மட்டும் ஒரு கோப்பைப் போலி என்று சொல்லிவிடக் கூடாது. ஜால்ராவும் அடைப்பு வைத்த ட்ரம்பெட்டும் 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டி வெகுதூரம் ஒலிக்கும். மனிதக் குரல் அப்படியன்று, ஸ்டுடியோக்களில் புழங்கும் ஒலிவாங்கிகள் பலவும் 20-க்கு மேல் தளர்ந்துவிடுபவை. ஆகவே தனிக்குரல் பதிவு உண்மையானதாக இருந்தும் மேற்பகுதி ஏறக்குறைய காலியாகத் தெரியலாம். இங்கே பார்க்க வேண்டியது இரைச்சலை. உண்மையான பதிவில் ஒலி சரிவாக மங்கி, ஒலிவாங்கியும் மின்சுற்றும் எழுப்பும் மெல்லிய இரைச்சல் மூடுபனிபோல் உச்சிவரை தொடரும். பெருக்கிய கோப்பில் அந்த இரைச்சலும் அதே சுவரில் முட்டி நின்றுவிடும். பாட்டு தொடங்குவதற்கு முந்தைய ஓரிரு நொடிகளைப் பெரிதாக்கிப் பார்ப்பது பாட்டின் நடுப்பகுதியைவிடத் தெளிவான சான்று தருவதாக என் அனுபவம் சொல்கிறது.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. பெருக்கிய கோப்பின் ஒலியளவை, உச்சங்களை ஒரு வரம்புக்குள் அடக்கும் லிமிட்டர் வைத்து அழுத்தி ஏற்றினாலோ, ஒலிக்குச் சற்றே உருக்குலைவு சேர்க்கும் செயலிகளைப் பயன்படுத்தினாலோ, 22-க்கு மேல் புதிய அதிர்வெண்கள் முளைக்கும். மேலோட்டமாகப் பார்ப்பவர் அதை அசல் என்று நம்பிவிடுவார். அவை உரத்த அடிகள் விழும் கணத்தில் மட்டும் ஊசிபோல் எழுந்து உடனே மறையும், அசல் ஜால்ரா ஒலியோ அடித்த பின்னும் மேலிருந்து படிப்படியாகத் தேய்ந்து இறங்கும். 96 கிலோஹெர்ட்ஸில் நேர்மையாகப் பதிந்த பாட்டிலும் 44.1-இல் எடுத்த தாளத் துணுக்கு ஒன்று கலந்திருக்கலாம் என்பதால், சில இடங்களில் மட்டும் சுவர் தென்பட்டால் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) தட்டிலிருந்து மாற்றிய கோப்புகள் தனி வகை. அத்தட்டுகள் பயன்படுத்தும், ஒலியை ஒற்றை பிட்டுகளின் வரிசையாக 2.8224 மெகாஹெர்ட்ஸில் பதியும் டிஎஸ்டி முறை தன் இரைச்சலைக் கேளா அதிர்வெண்களுக்குத் தள்ளிவிடுவதால், 25 கிலோஹெர்ட்ஸ் அளவிலிருந்து மேலே போகப் போகப் பிரகாசமாகும் ஒரு படலம் தெரியும். அது இசையன்று. இசை 22-இல் சட்டென்று அறுந்து, இரைச்சல் தொடங்கும்வரை இடையில் ஓர் இருண்ட பட்டை தெரிந்தால், டிஎஸ்டிக்கு முன்பே குறுந்தகட்டு வீதத்தில் ஒரு மூலம் இருந்திருக்கிறது என்று ஊகிக்கலாம்.

பிட் ஆழத்தைச் சோதிப்பது எளிது, ஆனால் பலன் குறைவு. 16 பிட்டுக்குப் பின்னால் எட்டுச் சுழியங்களை ஒட்டிய சோம்பேறிக் கோப்பை சாக்ஸ் (SoX) என்ற ஒலி நிரலின் ஸ்டேட்ஸ் (stats) கட்டளை உடனே காட்டிக்கொடுக்கும். ஒலியளவை இம்மியளவு மாற்றினாலும் அந்தச் சுழியங்கள் நிரம்பிவிடுவதால், இதில் தேறிய கோப்பு அசல்தான் என்று கொள்ள முடியாது.

அதே பதிப்பின் குறுந்தகடும் கையில் இருந்தால் கழித்தல் சோதனை செய்யலாம். உயர் தெளிவுக் கோப்பை 44.1-க்கு இறக்கி, இரண்டையும் ஒலியளவிலும் நேரத்திலும் துல்லியமாகப் பொருத்தி, ஒன்றின் அலையைத் தலைகீழாக்கிக் கூட்ட வேண்டும். மிஞ்சுவது ஏறக்குறைய அமைதி என்றால் இரண்டும் ஒரே மாஸ்டரிலிருந்து, அதாவது வெளியீட்டுக்கென இறுதியாக்கிய ஒரே மூலப்பதிவிலிருந்து, வந்தவை. அப்போது நீங்கள் கூடுதலாகப் பெற்றது 22-க்கு மேல் உள்ளதும் சில பிட்டுகளும் மட்டுமே. பாட்டே மிஞ்சினால் மாஸ்டரிங் வேறு, அந்த வேறுபாடு காதுக்கும் கேட்கும்.

வரைபடத்தைத் திறப்பதற்கு முன்பே பதிவான ஆண்டு பாதி விடையைத் தந்துவிடும். காந்த நாடாவில் பதிந்த பழைய இசையை இன்று 96-இலோ 192-இலோ மாற்றி எடுத்தால் அது அசலாகவே இருக்க முடியும். 1970-களின் இறுதியிலும் 1980-களிலும் நேரடியாக டிஜிட்டலில் பதிந்தவற்றுக்கு அந்த வாய்ப்பில்லை: சோனியின் பிசிஎம்-1600 பதிவுக் கருவி வரிசை 16 பிட், ஏறக்குறைய 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவில் இயங்கியது. சவுண்ட்ஸ்ட்ரீம் கருவி 16 பிட், 50 கிலோஹெர்ட்ஸ். அக்கருவிகளில் பதிந்த இசை 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பாக விற்பனைக்கு வந்தால், அது பெருக்கியதுதான் என்று சொல்ல ஸ்பெக்ட்ரோகிராம்கூடத் தேவையில்லை.