'ஜிங்' என்ற சீன எழுத்தைப் பிரித்துப் படிப்பது எப்படி

சலனமில்லாத அமைதிக்குச் சீனர்கள் எழுதும் எழுத்து 'ஜிங்' (静). இதைப் பச்சை குத்திக்கொள்வதற்கு முன்னால், சுவரில் மாட்டுவதற்கு முன்னால், ஒரு தடவை பிரித்துப் பாருங்கள்.

இடப்பாதி 'ச்சிங்', பச்சையும் நீலமும் சேர்ந்த நிறம். அதன் பழைய வடிவத்தில் மேலே ஒரு முளை, கீழே சாயத்துக்கு எடுக்கும் தாதுக்கல். வலப்பாதி 'ஜெங்', ஒரே பொருளை மேலிருந்தும் கீழிருந்தும் இரண்டு கைகள் இழுக்கிற படம், அதாவது போட்டி, சண்டை. உடனே 'சண்டை ஓய்ந்து வானம் தெளிந்தால் அமைதி' என்று கதை கட்டத் தோன்றும். ஞாபகம் வைத்துக்கொள்ள அது போதும், ஆனால் பிறப்பு அதுவல்ல. கி.பி. 100 வாக்கில் எழுத்துகளுக்கு அகராதி தொகுத்த சு ஷென், சண்டைப் பாதி ஒலிக்காக மட்டுமே வந்தது என்கிறார். பொருளாக அவர் தருவது 'அமைதி' கூட இல்லை, 'கூர்ந்து ஆராய்தல்'!

எனக்கு இந்த எழுத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பழைய சீன ஞானி லாவோ சூவின் பெயரில் வழங்கும் 'தாவோ தே ஜிங்' என்ற நூலின் 15ஆம் பகுதியில், கலங்கிய தண்ணீரை இதே 'ஜிங்'கால் மெல்லத் தெளியவைக்க யாரால் முடியும் என்றொரு கேள்வி வரும். குடத்துத் தண்ணீரை ஆட்டாமல் வைத்தால் மண் அடியில் படிந்து அடிவரைக்கும் தெரியுமே, அப்படிப் பார்த்தால் அமைதியும் ஆராய்தலும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. (நூலின் பெயரில் உள்ள ஜிங் வேறு எழுத்து. அதன் தொனி உயரத்தில் சமமாக நிற்கும், நம்முடையது 'போ!' என்று அதட்டுவதுபோல் மேலிருந்து சட்டென்று இறங்கும்.)

சரி, எழுதிப் பார்ப்போம். தைவான், ஹாங்காங்கில் எழுதும் பழைய வடிவில் (靜) 16 கோடுகள், சீனாவின் எளிய வடிவில் (静) 14. எளியதையே எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பாதி 8 கோடு: இரண்டு படுக்கைக்கோடு, அவற்றை வெட்டி ஒரு நெடுங்கோடு, அடியில் நீளமாக இன்னொரு படுக்கைக்கோடு, அதற்கும் கீழே சின்ன ஏணி மாதிரி ஒரு கட்டம். அந்தக் கட்டத்தின் இடதுகாலை வளைக்காமல் நேராக இறக்குங்கள். வலப்பாதி 6 கோடு. அதில் நடுப் படுக்கைக்கோடு வலப்பக்கம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், பலர் அதைக் கட்டத்துக்குள்ளேயே அடக்கி விடுகிறார்கள். கடைசியாக நடுவில் ஒரு நெடுங்கோடு, அடியில் இடப்பக்கமாகச் சின்னக் கொக்கி. அந்தக் கொக்கிக்கு முன் தூரிகையை ஒரு கணம் நிறுத்தி, அப்புறம் தூக்குங்கள்.