பழைய ஸ்போர்ட்ஸ் காரில் எலக்ட்ரானிக் ஆக்சிலரேட்டர்: கேபிளைக் கழற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய தவறுகள்

போன வருடம் ஜூன் மழையில் பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சிக்னலில் நின்றிருந்தேன். வண்டி நியூட்ரலில், கால் பிரேக்கில். இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் 900-இல் இருந்து 1,500-க்கு ஏறியது. அப்புறம் 2,200. ஆக்சிலரேட்டர் மேல் என் கால் இல்லை. சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டேன். முன்னால் ஒரு ஸ்கூட்டர், அதன் பின்சீட்டில் பள்ளிப் பையோடு ஒரு குழந்தை. வண்டி கியரில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்றும் போகவில்லை. இந்த வேலையில் இறங்கப் போகிறவர்கள் என் வண்டியில் நடந்த தவறுகளை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என்னுடையது முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5. வெளிநாட்டில் இருந்து திரும்பிய ஒருவர் 90களில் கொண்டுவந்த வண்டி. கேபிள் த்ராட்டில், அதாவது இன்ஜினுக்குக் காற்று விடும் தகட்டைக் கேபிள் இழுத்துத் திறக்கும். ஏசி போட்டால் ஐடில் (கால் வைக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம்) தள்ளாடும், அதைச் சீராக வைக்கும் ஐடில் வால்வும் தேய்ந்துவிட்டது. இன்ஜினுக்குப் புது ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) வைக்கும்போதே எலக்ட்ரானிக் த்ராட்டிலுக்கும் மாறிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆசை தவறில்லை. கார்வெட் 1997-லேயே மாறிவிட்டது, ஹோண்டா எஸ்2000 கேபிளை விட்டது 2006 மாடலில். எம்எக்ஸ்-5 கூட 2005-இல் வந்த மூன்றாம் தலைமுறையில் மாறியது.

கேபிள் வண்டியில் உங்கள் கால் நேரடியாக த்ராட்டில் தகட்டைத் திறக்கிறது. எலக்ட்ரானிக்கில் பெடல் ஒரு மனு கொடுக்கிறது, அவ்வளவுதான். அதைப் படித்து, நம்பலாமா என்று பார்த்து, மோட்டாரை வைத்துத் தகட்டைத் திறப்பது ஈசியு. அந்த 'நம்பலாமா' என்ற இடத்தில் கை வைப்பதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு.

பிழைச் செய்தியை மறைப்பது

பெடலுக்குள் ஒரே வேலையைச் செய்யும் சென்சார்கள் இரண்டு. பெரும்பாலான பெடல்களில் ஆறு வயர் வரும்: ஒவ்வொரு சென்சாருக்கும் 5 வோல்ட், கிரவுண்ட் (மின்சாரம் திரும்பும் வயர்), சிக்னல். பல பெடல்களில் இரண்டாவது சிக்னல் முதலாவதில் பாதியாக இருக்கும். கால் வைக்காதபோது 0.8-ம் 0.4-ம், முழுக்க மிதித்தால் 4-ம் 2-ம் வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈசியு இரண்டையும் விடாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. கணக்கு இடித்தால் உடனே த்ராட்டில் மோட்டாரை நிறுத்தும், அல்லது தகடு அதிகம் திறக்காமல் மட்டுப்படுத்தும். ஒரு சென்சாரோ வயரோ கெட்டால் மற்றொன்று காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

என் வண்டியில் முதல் நாளில் இருந்தே 'பெடல் சிக்னல் பொருந்தவில்லை' என்ற எரர் வந்துகொண்டிருந்தது. வேலை செய்தவர், "அது ஒண்ணும் இல்ல சார், சரி பண்ணிட்டேன்" என்றார். நானும் கேட்டுக்கொண்டேன். பிறகு பிரித்துப் பார்த்தால், முதல் சிக்னல் வயரையே இரண்டாவது உள்ளீட்டிலும் சேர்த்துக் கட்டி, இரண்டும் சமம் என்று மென்பொருளில் மாற்றியிருந்தார். இரண்டு சாட்சி இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஆள் இரண்டு குரலில் பேசியிருக்கிறார்.

துணிக்கூரை வண்டி அது. மழை பெய்தால் டிரைவர் பக்கம் தரையில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். பெடல் கிரவுண்டின் இணைப்பு அந்தத் தரையிலேயே கிடந்து பச்சை பூத்துப் போயிருந்தது. கிரவுண்டில் தடை கூடினால் சிக்னல் வோல்டேஜ் மேலே ஏறும். கால் வைக்காமலே 0.8 என்பது 1.1 ஆகிவிட்டது. சுத்தமாக அறுந்திருந்தால் சிக்னல் 5 வோல்ட் பக்கம் போய், எந்த ஈசியுவும் அது பொய் என்று கண்டுபிடித்திருக்கும். 1.1 நம்பக்கூடிய எண். ஒழுங்கான இரண்டாவது சிக்னல் இருந்திருந்தால் அந்த நொடியிலேயே பிடித்திருக்கும்.

முதல் நாளில் இருந்து வந்த அந்த எரருக்கு உண்மையான காரணம் என்ன தெரியுமா? மென்பொருளில் வேறொரு பெடலின் அளவுகளைப் போட்டிருந்தார்கள். மல்டிமீட்டரை வைத்து இரண்டு சிக்னலையும் மேலே, நடுவில், கீழே அளந்து எழுதிக்கொண்டு, அந்த எண்களைக் கொடுத்ததும் எரர் போய்விட்டது. பத்து நிமிட வேலை. ஆகவே எரரை அழிக்காதீர்கள், ஒப்பீட்டின் வரம்பைத் தளர்த்தாதீர்கள். இரண்டு சென்சாருக்கும் தனித்தனி கிரவுண்ட் கொடுங்கள். அவை காரின் பாடியில் போய் முடியாமல் ஈசியுவுக்கே திரும்ப வேண்டும். மோட்டார் வயர்களுக்கும் இக்னிஷன் காயிலுக்கும் எட்டத்தில் ஓடட்டும்.

பொருள் வாங்கும்போது

சிவாஜிநகர் பழைய சாமான் கடைகளிலோ ஜே.சி. ரோட்டிலோ பெடல் மலிவாகக் கிடைக்கும். கனெக்டரையும் ஒரு சாண் வயரையும் சேர்த்துக் கேளுங்கள். கனெக்டர் இல்லாத பெடலை வாங்கி, பின்னில் வயரை நேரடியாகச் சால்டர் செய்வது அடுத்த மழைக்குத் தாங்காது. எந்தக் காரில் இருந்து எடுத்தது என்று தெரியாத பெடலே வேண்டாம். பின்கள் எது எதற்கு என்று ஊகித்து 5 வோல்ட்டைக் கொடுப்பது சூதாட்டம்.

த்ராட்டில் பாடி (தகடும் மோட்டாரும் உள்ள காற்றுக் குழாய்) பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். 60 மி.மீ. போதும் என்ற இடத்தில் 75 மி.மீ. வைத்தால் பரப்பளவு ஒன்றரை மடங்குக்கு மேல். சின்ன இன்ஜினில் லேசாகத் தொட்டாலே காற்று குபுக்கென்று போகும். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் வண்டி தவளை மாதிரித் தாவும்.

இந்த ஊரில் இன்னொரு ஆசை இருக்கிறது. எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் அர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையும் மோட்டாரை இயக்கும் டிரைவர் சிப்பும் வாங்கி நாமே ஓட்டிவிடலாம் என்பது. நம்மில் பாதிப் பேர் மென்பொருள் எழுதிப் பிழைப்பவர்கள், அதனால் கை துறுதுறுக்கும். மோட்டாரைத் திருப்புவது எளிதுதான். புரோகிராம் தொங்கினால், டிரைவர் சிப் எரிந்தால், சிக்னல் பொய் சொன்னால் தகடு தானாக மூட வேண்டுமே, அதுதான் கடினமான பகுதி. மேஜையில் வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். சாலையில் ஓடும் காருக்கு, எலக்ட்ரானிக் த்ராட்டிலுக்கென்றே கண்காணிப்பு உள்ள ஈசியுதான் வேண்டும்.

பொருத்தும்போது

பழைய கேபிள் பெடலின் இடத்தில் புதியது அப்படியே உட்காராது, ஒரு பிராக்கெட் செய்தாக வேண்டும். மெல்லிய தகட்டில் செய்யாதீர்கள், மிதிக்கும்போது வளையும். பெடல் முழுக்க இறங்கி நிற்கும் இடம் அதன் சொந்த ஸ்டாப்பாக (தடுப்பாக) இருக்கட்டும், கார்ப்பெட்டாக இருக்கக் கூடாது. தரையில் விரிக்கும் மிதியடி சிக்கும் இடைவெளியையும் பாருங்கள். 2009-இல் டொயோட்டா லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்ததன் ஒரு முக்கியக் காரணம் பெடலில் சிக்கிய மிதியடி. அதன் பிறகுதான் பிரேக்கை மிதித்தால் த்ராட்டிலைக் குறைக்கும் ஏற்பாட்டை அந்த நிறுவனம் தன் மாடல்களில் பரவலாகக் கொண்டுவந்தது. உங்கள் ஈசியுவில் அந்த வசதி இருந்தால் பிரேக் சுவிட்ச் வயரைக் கட்டாயம் இணையுங்கள். அது இல்லாமலும் வண்டி ஓடும் என்பதாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள்.

கரண்ட் இல்லாதபோது த்ராட்டில் தகடு முழுக்க மூடாமல் கொஞ்சம் திறந்து நிற்கும். அது பழுது அல்ல. மோட்டார் செயலிழந்தாலும் வண்டி ஊர்ந்து ஓரம் போகத்தான் ஸ்பிரிங்கை அப்படி வைத்திருக்கிறார்கள். ஸ்டாப்பை ராவி மூட முயலாதீர்கள். பழைய ஐடில் வால்வைக் கழற்றி அந்தக் குழாயையும் அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஐடில் ஒருநாளும் நிலைக்காது.

ஆர்டிஓ பற்றி: பெடல் மாற்றத்தோடு இன்ஜினையும் மாற்றுகிறீர்கள் என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும். அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும். இன்ஷூரன்ஸ்காரரிடம் எதையும் மறைக்க வேண்டாம்.

கடைசியாக, சோதிக்காமல் சாலைக்கு எடுப்பது. என் வண்டியை இரண்டாம் முறை முழுக்க வயரிங் செய்து, கனெக்டரைத் தரையில் இருந்து டாஷ்போர்டுக்கு அடியில் ஏற்றிய பிறகு, ஜாக்கியில் தூக்கி நிறுத்தினோம். நியூட்ரல், இன்ஜின் ஐடிலில். ஒருவர் கை சாவியில். பெடலின் ஆறு வயர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, எரர் வருகிறதா, ஆர்பிஎம் ஏறாமல் இருக்கிறதா என்று பார்த்து எழுதினோம். த்ராட்டில் பாடி வயர்களுக்கும் அதே மாதிரி. ஐந்தாவது வயரில் எரர் வரவில்லை, ஒரு பின் தளர்ந்து பக்கத்துப் பின்னைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதைச் சரி செய்து மறுபடி முதல் வயரில் இருந்து ஆரம்பித்தோம். எல்லாம் தேறி முடிக்கும்போது இரவு மணி பதினொன்று. அடுத்த ஞாயிறு விடியலில்தான் நந்தி மலைக்குக் கிளம்பினேன்.