இன்ட்ராநெட் மெனுவைத் திட்டமிடுவது எப்படி? மென்பொருளைத் திறக்கும் முன் செய்ய வேண்டியவை

நிறுவன ஊழியர்கள் மட்டும் பயன்படுத்தும் உள் இணையதளமான இன்ட்ராநெட்டை அமைக்கும் பொறுப்பு உங்களிடம் வந்ததும் முதலில் கைக்குக் கிடைப்பது துறைகளின் பட்டியல்தான். மனிதவளம், நிதி, ஐடி, நிர்வாகம், சட்டம் என்று மேல் மெனுவில் வரிசையாக எழுதிவிடலாம். எல்லாத் துறைக்கும் ஓர் இடம் கிடைத்துவிடும், கூட்டத்தில் யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். ஆனால் நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கு, அடையாள அட்டை தருவது நிர்வாகமா, மனிதவளமா, பாதுகாப்புப் பிரிவா என்று எப்படித் தெரியும்? அட்டை வேண்டும் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். அதனால் துறைகளை ஓரமாக வைத்துவிட்டு, ஊழியர் என்ன வேலையாக வருகிறார் என்பதிலிருந்து தொடங்குவோம். தாளும் பேனாவும் ஓர் எக்செல் கோப்பும் போதும்.

படி 1: வேலைகளைச் சேகரியுங்கள்

"இன்ட்ராநெட்டில் என்னவெல்லாம் வேண்டும்?" என்று கேட்காதீர்கள். ஆசைப் பட்டியல்தான் வரும். "கடைசியாக எதைத் தேடினீர்கள்? கிடைத்ததா? கிடைக்காதபோது யாரைக் கேட்டீர்கள்?" என்று கேளுங்கள். அந்த மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் மிக முக்கியம். எல்லோரும் ஒரே ஆளிடம் போய் நிற்கிறார்கள் என்றால், அவர் வாயால் சொல்வதெல்லாம் தளத்தில் இருக்க வேண்டியது.

ஹெல்ப்டெஸ்க் டிக்கெட்டுகள் (உதவிப் பிரிவில் பதிவான கோரிக்கைகள்), பழைய தளத்தின் தேடல் பதிவுகள், மனிதவளத்துக்குத் திரும்பத் திரும்ப வரும் மின்னஞ்சல்கள் ஆகியவற்றையும் புரட்டுங்கள். கிடைப்பதை வேலையாகவே எழுதுங்கள்: லீவு எடுக்க, பயணச் செலவைத் திரும்பப் பெற, பாஸ்வேர்டு மாற்ற, மீட்டிங் அறை பிடிக்க, ஒருவரின் எக்ஸ்டென்ஷன் எண் பார்க்க. எது எத்தனை முறை வருகிறது என்றும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மேசையும் கணினியும் இல்லாமல் கிடங்கிலும் களத்திலும் வேலை செய்பவர்களை இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிட வேண்டும். அவர்கள் கைபேசியில்தான் இந்தத் தளத்தைப் பார்க்கப் போகிறார்கள்.

படி 2: இருப்பதைக் கணக்கெடுங்கள்

பழைய தளம் இருந்தால் எல்லாப் பக்கங்களையும் எக்செல்லில் இறக்குங்கள்: தலைப்பு, முகவரி, பொறுப்பாளர், கடைசியாகத் திருத்திய தேதி, முடிவு. முடிவு மூன்றே வகை: வைத்துக்கொள், திருத்து, நீக்கு. பொறுப்பாளர் கிடைக்காத பக்கத்தைப் புதிய தளத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அலுப்பான வேலைதான். ஆனாலும் இதைத் தவிர்த்தால் பழைய குப்பைக்குப் புதிய மெனு போட்டதாகவே முடியும்.

படி 3: கார்டு சார்ட்டிங் (அட்டைகளை அடுக்குதல்)

இந்தப் படிக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும். சேகரித்த வேலைகளிலிருந்து முக்கியமான 40, 50ஐத் தேர்ந்தெடுத்து, ஒரு அட்டைக்கு ஒன்றாக எழுதுங்கள். ஓர் ஊழியரை உட்காரவைத்து, "எவை எவை சேர்ந்து இருக்க வேண்டும் என்று தோன்றுகிறதோ அப்படி அடுக்குங்கள், பிறகு ஒவ்வொரு அடுக்குக்கும் நீங்களே ஒரு பெயர் வையுங்கள்" என்று சொல்லுங்கள். அடுக்கும்போது உதவாதீர்கள். யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பேர் வேண்டும்? பயன்பாட்டு ஆய்வில் பெயர்பெற்ற யாக்கோப் நீல்சன் 2004இல் பரிந்துரைத்த எண்ணிக்கை 15. வெவ்வேறு துறை, வெவ்வேறு அனுபவக் காலம் என்று கலந்து எடுங்கள். மேலாளர்கள் மட்டும் அடுக்கினால் மேலாளர்களுக்கான தளம்தான் கிடைக்கும்.

அட்டையில் எழுதும் சொற்களில் கவனம் தேவை. 'பயணக் கொள்கை', 'பயண முன்பதிவு', 'பயணச் செலவு' என்று எழுதினால் சொல் ஒன்றாக இருப்பதைப் பார்த்தே மூன்றையும் சேர்த்துவிடுவார்கள். 'வெளியூர் போக டிக்கெட் போட', 'செலவழித்த பணத்தைத் திரும்பப் பெற' என்று மாற்றி எழுதுங்கள். அப்போதுதான் அவர்கள் மனத்தில் உள்ள உறவு வெளியே வரும்.

முடிந்ததும் எந்த அட்டைகள் பெரும்பாலோரிடம் ஒரே அடுக்கில் விழுந்தன என்று பாருங்கள். அவைதான் உங்கள் பிரிவுகள். ஆளுக்கொரு இடத்தில் வைத்த அட்டைகளையும் தனியே எடுத்துவையுங்கள், அடுத்த படியில் தேவைப்படும்.

படி 4: மரத்தை வரையுங்கள்

இப்போது மெனுவை ஒரு மரம் போலத் தாளில் கிளைகளாக எழுதலாம். உதாரணத்துக்கு ஒரு கிளை:

என் வேலை, என் சம்பளம்
— லீவும் விடுமுறை நாட்களும்
— சம்பளச் சீட்டும் வரியும்
— மருத்துவக் காப்பீடு
— செலவுத் தொகையைத் திரும்பப் பெற

கடைசி வரியைப் பாருங்கள். பணத்தைத் தருவது நிதித் துறை, லீவைப் பார்ப்பது மனிதவளம். கேட்பவருக்கு இரண்டும் 'எனக்கு வர வேண்டியது'. அதனால் ஒரே கிளையில் இருக்கின்றன. ஆளுக்கொரு இடத்தில் வைக்கப்பட்ட அட்டைக்கு ஒரே ஒரு சொந்தப் பக்கம் கொடுங்கள், மற்ற இடங்களிலிருந்து அதற்கு இணைப்பு கொடுங்கள். பக்கத்தை நகலெடுத்து இரண்டு இடத்தில் வைத்தால் ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறந்துவிடுவார்கள். எது சரி என்று ஊழியருக்குத் தெரியாது.

மெனுவில் ஏழு பெயருக்கு மேல் கூடாது, எதுவும் மூன்று கிளிக்குக்குள் வர வேண்டும் என்று இரண்டு விதிகளை நிச்சயம் கேள்விப்படுவீர்கள். இரண்டுக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை. ஏழு என்ற எண் ஜார்ஜ் மில்லர் 1956இல் குறுகிய கால நினைவாற்றல் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. மெனு கண்முன்னே இருக்கிறது, யாரும் அதை மனப்பாடம் செய்யப்போவதில்லை. போகும் வழி சரி என்ற நம்பிக்கை ஒவ்வொரு கிளிக்கிலும் இருந்தால் நான்காவது கிளிக்குக்கு யாரும் சலிப்பதில்லை. பெயர் குழப்பினால் முதல் கிளிக்கிலேயே நின்றுவிடுவார்கள்.

ஆகவே உழைப்பைப் பெயர்களில் போடுங்கள். 'வளங்கள்', 'சேவைகள்', 'பயனுள்ள இணைப்புகள்' போன்ற பெயர்களுக்குள் எதை வேண்டுமானாலும் போடலாம். அதனாலேயே எதையும் கண்டுபிடிக்க முடியாது. 'மற்றவை' என்று ஒரு பிரிவு தேவைப்பட்டால், மரம் இன்னும் முடியவில்லை என்று பொருள். திட்டங்களுக்குச் சூட்டிய செல்லப்பெயர்களும் மெனுவில் வேண்டாம், புதியவருக்கு அவை எதையும் சொல்லாது.

படி 5: ட்ரீ டெஸ்டிங் (மரத்தைச் சோதித்தல்)

மரத்தை நிறமோ படமோ இல்லாமல் வெறும் பெயர்களாக ஊழியர்களிடம் கொடுங்கள். கார்டு அடுக்கியவர்கள் வேண்டாம், வேறு ஆட்கள். "உங்கள் குழந்தை பிறந்திருக்கிறது, மருத்துவச் செலவுக்கு அதன் பெயரையும் சேர்க்க வேண்டும். எங்கே போவீர்கள்?" என்பது போல ஒரு சூழலைச் சொல்லுங்கள். கேள்வியில் 'காப்பீடு' என்ற சொல் வரவே கூடாது. வந்தால் மெனுவில் அதே சொல்லைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள், சோதனை வீண்.

முதலில் எந்தக் கிளையைத் தொட்டார்கள், எங்கே திரும்பி வந்தார்கள் என்று எழுதுங்கள். பலரும் ஒரே தவறான கிளைக்குப் போனால் அவர்களுக்கு விளக்கம் சொல்லாதீர்கள். பக்கத்தை அந்தக் கிளைக்கே நகர்த்துங்கள், அல்லது பெயரை மாற்றுங்கள். பிறகு மறுபடியும் சோதியுங்கள். துறைத் தலைவர்களோடு வாக்குவாதம் வந்தாலும் இந்தக் குறிப்புகளை மேசைமேல் வைத்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

படி 6: தளத்தில் ஏற்றுங்கள்

இப்போதுதான் மென்பொருள். இன்ட்ராநெட் கட்டப் பயன்படும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளான ஷேர்பாயின்ட் என்றால், சைட்டுக்குள் சப்சைட் (உள்தளம்) என்று ஆழமாகக் கட்டாதீர்கள். தனித்தனி சைட்டுகளாக வைத்து, அவற்றைப் பொது மெனுவின் கீழ் சேர்க்கும் ஹப் என்ற மையத் தளத்தோடு இணைத்துவிடுங்கள். துறைகள் நாளை பிரியும், சேரும். ஹப்போடு உள்ள இணைப்பை மாற்றுவது எளிது. ஹப்பின் மெனு மூன்று நிலைகள் வரை போகும், அது தாராளம். ஒரு குழு தனக்குள் கோப்புகளைப் பகிரும் இடத்தையும் எல்லோரும் படிக்கும் பக்கங்களையும் தனித்தனியாக வையுங்கள். பொது மெனுவில் குழு இடங்கள் வேண்டாம்.

மேல் மெனு எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும். எந்தக் கிளையில் நிற்கிறோம் என்று காட்டும் பாதை வரி தலைப்புக்கு மேலே வேண்டும், ஏனென்றால் பலர் மின்னஞ்சல் இணைப்பு வழியாக நேரே உள்பக்கத்தில்தான் வந்து இறங்குவார்கள். முதல் படியில் அதிகம் குறித்த ஐந்தாறு வேலைகளுக்கு முகப்பிலேயே நேரடி இணைப்பு கொடுத்துவிடுங்கள். திறக்க அனுமதி இல்லாத இணைப்பை அந்த ஊழியருக்குக் காட்டாதீர்கள்.

தளம் திறந்தபின் மாதம் ஒருமுறை தேடல் பதிவைப் பாருங்கள், குறிப்பாக விடையே வராத தேடல்களை. அங்கே ஊழியர்கள் தட்டச்சு செய்திருக்கும் சொல்லுக்கும் உங்கள் மெனுவில் உள்ள சொல்லுக்கும் எங்கே இடைவெளி விழுந்திருக்கிறதோ, அடுத்த திருத்தம் அங்கேதான்.