பள்ளிப் பிள்ளைகளின் அறிவியலுக்கும் கலைக்கும் நன்கொடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசுப் பள்ளியில் படித்த நண்பர்கள் பல வருடம் கழித்து ஒன்றுகூடி, "நம்ம ஸ்கூலுக்கு ஏதாவது செய்யணும்" என்று பேச ஆரம்பித்தால், முதலில் வரும் யோசனை பெரும்பாலும் ஸ்மார்ட் போர்டுதான். அப்புறம் கம்ப்யூட்டர், பீரோ, குடிநீர் எந்திரம். அறிவியலில் ஆசையுள்ளவர் ஒருவர் இருந்தால் தொலைநோக்கி. பாட்டில் ஈடுபாடு உள்ளவர் இருந்தால் ஹார்மோனியம். இவை எல்லாமே ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் ஒப்படைக்கக் கூடியவை. ஆனால் அறிவியலும் கலையும் பிள்ளைகளிடம் போய்ச் சேர்வது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரும் ஒரு மனிதர் வழியாக. அந்த மனிதரின் நேரத்துக்குப் பணம் கொடுக்க முன்வருபவர்கள் மிகவும் குறைவு. நல்ல மனசோடு கொடுத்த பணம் பயனில்லாமல் போவதற்கு இதுதான் முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

பொருளை வாங்கிவிட்டு ஆளை மறப்பது

தமிழ்நாட்டில் 37,000க்கும் அதிகமான அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி போன்றவற்றுக்காக 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். அன்றைய தொகுப்பூதியம் மாதம் ₹5,000. இத்தனை பாடங்களுக்கும் சேர்த்தே அவ்வளவு பேர்தான் என்றால், இசைக்கென்றோ ஓவியத்துக்கென்றோ ஆள் இல்லாத பள்ளிகள் எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்படி ஒரு பள்ளிக்குப் பத்து வயலின் வாங்கிக் கொடுத்தால் அவை பீரோவுக்குள்தான் போகும். தலைமை ஆசிரியரைக் குறை சொல்லி என்ன பயன்? பூட்டி வைக்காவிட்டால் உடைந்துவிடும் என்று அவர் பயப்படுவது நியாயம்தான்.

அதே ஊரில், அல்லது அடுத்த ஊரில், நன்றாகப் பறை அடிக்கத் தெரிந்த ஒருவர் இருப்பார். தெருக்கூத்து ஆடுபவர் இருப்பார். ஒயிலாட்டமோ சிலம்பமோ சொல்லித்தரக் கூடியவர் இருப்பார். அவர் வாரத்தில் இரண்டு மாலை பள்ளிக்கு வருகிறார், ஒரு வகுப்புக்கு ₹1,000 மதிப்பூதியம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 36 வாரம் என்றால் மொத்தம் ₹72,000. ஒரு ஸ்மார்ட் போர்டின் விலை பெரும்பாலும் இதைத் தாண்டும். இந்தப் பணத்தில் ஒரு கலைஞருக்கு நிலையான வருமானம் கிடைக்கிறது, முப்பது நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு கலை கைவசமாகிறது. பணத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

"நான் கொடுக்கும் பணம் சம்பளத்துக்குப் போகக் கூடாது, நேராகப் பிள்ளைகளுக்குப் போக வேண்டும்" என்று பலர் நிபந்தனை போடுகிறார்கள். ஊழல் பற்றிய பயத்தில் வரும் நிபந்தனை அது, புரிகிறது. ஆனால் கற்பித்தலில் பெரிய செலவே கற்பிப்பவருக்கான செலவுதான். அதை வெட்டினால் மிஞ்சுவது பொருள் மட்டும். காஞ்சிபுரம் பக்கம் கட்டைக்கூத்துச் சங்கம் 2002இல் தொடங்கிய குருகுலத்தில் பிள்ளைகள் பள்ளிப் படிப்பையும் கூத்தையும் சேர்த்தே கற்றார்கள். அந்த மாதிரி முயற்சியில் ஆசிரியர், சமையல், தங்குமிடம், மின்கட்டணம் எல்லாமே கல்விச் செலவுதான். இதில் எதைப் பிரித்து "நேராகப் பிள்ளைகளுக்கு" என்று சொல்ல முடியும்?

கட்டடத்துக்கும் கருவிக்கும் கொடுப்பதே தப்பு என்று சொல்லவில்லை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் ₹15 லட்சமும் கொடுத்தார். 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறந்த அந்த நிறுவனம் இன்றும் இயங்குகிறது. காரணம், விஞ்ஞானிகளின் சம்பளத்தையும் அன்றாடச் செலவையும் மத்திய அரசின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் ஏற்றுக்கொண்டது. வருடாவருடம் வரும் செலவை ஏற்க வேறொருவர் உறுதியாக இருக்கிறார் என்றால் ஒரே தவணையில் பெரிய தொகை கொடுப்பது அருமையான உதவி. அப்படி யாரும் இல்லை என்றால், அந்தத் தொகையையே பல வருடங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது நல்லது.

பெட்டியில் போட்டிருப்பதை நம்பித் தொலைநோக்கி வாங்குவது

தொலைநோக்கியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பவற்றின் பெட்டியில் "525 மடங்கு உருப்பெருக்கம்" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். ஒரு தொலைநோக்கி தெளிவாகக் காட்டக்கூடிய உச்ச உருப்பெருக்கம், அதன் முன் லென்ஸின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வருவதுதான். 70 மி.மீ. லென்ஸ் என்றால் சுமார் 140 மடங்கு. அதற்கு மேல் போனால் மங்கலான ஒரு வட்டம்தான் தெரியும். அதைவிட மோசம் அதன் தாங்கி. லேசான காற்றுக்கே ஆடும். ஒரு பிள்ளை ஆசையோடு கண்ணை வைக்கும், ஒன்றும் தெரியாது, "இவ்வளவுதானா" என்று விலகிவிடும். அந்த ஏமாற்றத்துக்கு அப்புறம் மறுபடி ஆர்வம் வரவைப்பது கஷ்டம்.

உண்மையில் நிலவின் பள்ளங்களையும் வியாழனின் நான்கு பெரிய நிலாக்களையும் பார்க்க ஐம்பது மடங்கு போதும். ஆடாத தாங்கியும் நல்ல கண்ணருகு லென்ஸும்தான் முக்கியம். அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி: மாலை நாலரைக்குப் பள்ளி முடிகிறது, நட்சத்திரம் ஏழு மணிக்கு மேல்தான் தெரியும். இரவில் பள்ளியைத் திறப்பது யார்? பெண் பிள்ளைகள் எப்படி வீடு திரும்புவார்கள்? இதற்குப் பதில் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். வாங்கினால், தகுந்த வடிகட்டி இல்லாமல் சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும் என்ற எச்சரிக்கையைத் தமிழில் எழுதிக் கருவியின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

பதில் கிடைக்கவில்லையா? ஒரு பஸ்ஸுக்குப் பணம் கொடுங்கள். ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. கோடைக்கானலில் 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் இருக்கிறது. சென்னையில் பிர்லா கோளரங்கம், திருச்சியில் அண்ணா அறிவியல் மையம். கலை என்றால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளும் சித்தன்னவாசல் ஓவியங்களும். இவற்றுக்கு இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்தும் ஒரு தடவைகூடப் போகாத பிள்ளைகள் ஏராளம். போகும் இடத்தில் அனுமதிக் கட்டணம் சொற்பம்தான். வண்டி வாடகையும் மத்தியானச் சாப்பாடும்தான் தடை. பஸ் வாடகையில் பெயர்ப்பலகை வைக்க இடமில்லை என்பதாலோ என்னவோ, அதற்குக் கொடுக்க ஆள் கிடைப்பதில்லை.

தீர்ந்துபோவதை மறப்பது

வயலின் தந்தி அறும். மிருதங்கத்தின் தோல் இறங்கும், அதை மூட்டக் கைவினைஞரிடம்தான் கொண்டுபோக வேண்டும். நாகசுரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி அடிக்கடி மாற்ற வேண்டிய ஒன்று. நுண்ணோக்கிக்குக் கண்ணாடிச் சில்லு உடையும், சாயம் தீரும். ரோபோட்டிக்ஸ் கிட் கொடுத்தால் பேட்டரி தீரும், தவறாக இணைத்து சென்சார் கருகும். கருகத்தான் வேண்டும், அப்படித்தான் பிள்ளை கற்றுக்கொள்கிறது. ஆனால் ஒரே கிட்டை நாற்பது பேருக்குக் கொடுத்துவிட்டு உதிரி வாங்கப் பணம் இல்லை என்றால், ஆசிரியர் யாரையும் தொட விடமாட்டார். கருவிக்கு ஒதுக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் குறைந்தது இருபத்தைந்து ரூபாயைப் பராமரிப்புக்கும் உதிரிக்கும் தனியாக எடுத்து வையுங்கள் என்பது என் யோசனை.

வயலின் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு முழு அளவு வயலின் சரிப்படாது. அரை, முக்கால் என்று அளவுகள் உண்டு. கடைக்குப் போகும் முன் சொல்லிக்கொடுப்பவரைக் கேட்டுவிடுங்கள்.

அரசு கொடுப்பதையே திரும்பக் கொடுப்பது

பாடநூல், நோட்டு, புத்தகப்பை, கலர் பென்சில், கிரையான், கணித உபகரணப் பெட்டி, நில வரைபடம் எல்லாம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாமல் வருகின்றன. ஆறு முதல் எட்டு வரை படிப்பவர்களுக்குச் செய்முறை அறிவியல் சொல்லித்தர வானவில் மன்றம் என்ற திட்டம் 2022 நவம்பரில் தொடங்கியது. இதெல்லாம் தெரியாமல் ஜூன் மாதம் ஐந்நூறு கிரையான் பெட்டியோடு போய் நிற்பவர்கள் உண்டு. வரைவதற்கு நல்ல கெட்டித் தாள், நீர்வண்ணம், தூரிகை இவைதான் அங்கே கிடைக்காமல் இருக்கும். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்தும் 'துளிர்' இதழுக்குச் சந்தா கட்டினால் மாதாமாதம் புதிதாகப் படிக்க ஏதோ ஒன்று பள்ளிக்கு வரும்.

எனவே முதலில் கேளுங்கள். தலைமை ஆசிரியரைக் கேளுங்கள், அதோடு நிற்காமல் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். எந்தப் பிள்ளை மாலையில் தங்க முடியும், எந்தத் தெருவுக்கு ஆறு மணிக்கு மேல் பஸ் இல்லை என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

முதல் மதிப்பெண்ணுக்கு மட்டும் பரிசு

பத்தாம் வகுப்பில் முதல் மூன்று இடம் பிடித்தவர்களுக்குத் தங்கக் காசு தருவது நம் ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பாராட்டு கிடைக்கிறது. வாய்ப்பாட்டில் உருகவைக்கும் பையனும், பழைய ரேடியோவைப் பிரித்துப் பார்க்கும் பெண்ணும் மதிப்பெண் பட்டியலில் வரமாட்டார்கள். அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழாவில் வட்டாரம், மாவட்டம் தாண்டி மாநில அளவுக்குப் போகும் பிள்ளைக்கு உடை, ஒப்பனை, வழிச்செலவு தேவைப்படும். பத்து முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள் ஆய்வுக் கட்டுரை படைக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடந்து வருகிறது. ஊர்க் குளத்துத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கும் ஒரு குழுவுக்கு இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் இருந்தாலே பெரிய பலம். தங்கக் காசின் விலையில் எத்தனை குழுக்களைத் தாங்கலாம்!

பணம் போகும் வழியில் கவனக்குறைவு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வரிச்சலுகைக்காகக் கொடுப்பவர்கள் சிலதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. 80ஜி என்று நாம் பழகிய சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான், புதிய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கிடையாது. ₹2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. தொலைநோக்கியோ வீணையோ வாங்கிக் கொடுத்துவிட்டு அந்த பில்லைக் காட்ட முடியாது. அறக்கட்டளையின் கைரசீது மட்டும் போதாது. அது வருமான வரித் துறைக்குக் கணக்குத் தாக்கல் செய்து எடுத்துத் தரும் நன்கொடைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். அவர் பணத்தை வாங்க அறக்கட்டளைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ வேண்டும். அந்தப் பணம் முதலில் புது தில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். "என் மச்சான் அக்கவுண்டுக்கு அனுப்புறேன், அவர் கொடுத்துடுவார்" என்ற சுருக்குவழி, நல்லது செய்யும் ஒரு சிறு அமைப்பைச் சிக்கலில் மாட்டிவிடும். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பணத்தை ஓர் அமைப்பு இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. அரசுப் பள்ளிக்குக் கொடுக்க நினைப்பவர்கள், 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாகப் பள்ளியையும் தேவையையும் பார்த்துக் கொடுக்கலாம்.

பிள்ளைகளை மேடையேற்றி நன்றி சொல்லவைப்பது

இது என் மனதை மிகவும் வருத்தும் விஷயம். வெயிலில் இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்கவைத்து, கொடுப்பவர் வந்த பிறகு ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்து, "அப்பா இல்லாத பிள்ளை", "கூலி வேலை செய்பவர் மகள்" என்று மைக்கில் அறிவித்துப் புகைப்படம் எடுக்கிறார்கள். அந்தப் படம் வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கச் சுற்றும். பதிமூன்று வயதில் கூடப்படிப்பவர்கள் முன்னால் அப்படி அறிவிக்கப்படுவது எவ்வளவு வலிக்கும் என்று கொடுப்பவர்கள் யோசிக்க வேண்டும். பொன்னாடை, பிளக்ஸ், மாலை எதுவும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிள்ளைகளைப் பார்க்க ஆசையா? ஒரு சாதாரண வகுப்பு நாளில் போய், பின்வரிசையில் உட்கார்ந்து அவர்கள் செய்வதைப் பாருங்கள்.

மார்ச்சில் கொடுத்து, சொல்லாமல் நிறுத்துவது

வரிக் கணக்கு மார்ச் 31இல் முடிகிறது, பள்ளிக் கணக்கு ஜூனில் தொடங்குகிறது. மார்ச் கடைசி வாரம் வந்து விழும் பணத்தை, தேர்வு நேரத்தில் நின்று நிதானமாகச் செலவிட யாருக்கும் நேரம் இருக்காது. ஜனவரியிலேயே பேசி, ஜூனில் வகுப்பு தொடங்கும்படி திட்டமிடுங்கள். மூன்று வருடமாவது தொடர்வேன் என்று எழுத்தில் கொடுத்தால்தான் கலைஞர் வேறு வேலைக்குப் போகாமல் இருப்பார். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து பத்து லட்சம் ரூபாயை வைப்பு நிதியில் போட்டால், ஆறரை சதவீத வட்டியில் வருடம் ₹65,000 வரும். மேலே சொன்ன பறை வகுப்புச் செலவின் பெரும்பகுதி அதிலேயே நடந்துவிடும்.

நிலைமை மாறி நிறுத்த வேண்டி வரலாம், அது யாருக்கும் நடக்கக் கூடியது. அப்படியானால் ஒரு கல்வியாண்டு முன்பே தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். வேறு நன்கொடையாளரைத் தேட அவருக்கு அவகாசம் கிடைக்கும். சொல்லிக்கொடுக்க வருபவரும் அடுத்த ஜூனுக்கு வேறு வருமானத்தைப் பார்த்துக்கொள்ள முடியும்.