செயற்கைக்கோளின் கார்பன் டை ஆக்சைடு அளவைத் தரை நிலையத்தோடு ஒப்பிடுவது எப்படி

கார்பன் டை ஆக்சைடை அளக்கும் நாசாவின் ஓசிஓ-2 செயற்கைக்கோளின் தரவை முதன்முறையாகக் கையில் எடுப்பவர்களில் பலர் நேராக ஹவாயின் மௌனா லோவா மலை நிலையத்தின் எண்ணைத் தேடிப் போகிறார்கள். 1958 முதல் அங்கே அளக்கிறார்கள், உலகமே நம்பும் எண் அது. ஆனால் இந்த வேலைக்கு அது நேரடியாகப் பொருந்தாது. அங்கிருக்கும் கருவி அந்த இடத்துக் காற்றை உள்ளே இழுத்து அளக்கிறது. செயற்கைக்கோள் பார்ப்பதோ தரையிலிருந்து வளிமண்டல உச்சி வரை நிற்கும் காற்றுத்தூண் முழுவதையும். தரையோரக் காற்று காட்டின் மூச்சுக்கும் நகரத்தின் புகைக்கும் ஏற்ப மணிக்கு மணி மாறும். ஸ்ட்ராடோஸ்பியரில் இருப்பது சில ஆண்டுகளுக்கு முன் மேலே போன காற்று, அதில் கார்பன் டை ஆக்சைடு குறைவு. இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்த எண்ணை, தரையில் ஒரு புள்ளியில் அளந்த எண்ணிலிருந்து கழித்தால் வரும் வித்தியாசத்துக்குப் பொருளே இல்லை.

அதனால் தரையிலிருந்தே முழுக் காற்றுத்தூணையும் அளக்கும் நிலையங்களின் வலையமைப்பான டிசிகானுக்குப் போங்கள். 2004இல் அமெரிக்காவின் பார்க் ஃபால்ஸில் முதல் நிலையம் தொடங்கியது. ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு கண்ணாடி சூரியனைப் பின்தொடர்ந்து, அதன் ஒளியை நிறமாலைமானிக்குள் அனுப்புகிறது. அந்த ஒளியில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு விழுங்கியது, ஆக்சிஜன் எவ்வளவு விழுங்கியது என்று பார்த்து, விகிதத்தை 0.2095ஆல் பெருக்கினால் உலர் காற்றில் கார்பன் டை ஆக்சைடின் பங்கு கிடைக்கும். அதை விமானங்களில் எடுத்த அளவுகளோடு பொருத்தி, உலக வானிலை அமைப்பின் அளவுகோலுக்குக் கொண்டுவருகிறார்கள். சூரியனை நேரே பார்ப்பதால் தூசியும் மெல்லிய மேகமும் இந்த அளவை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. தரையில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பார்க்கும் செயற்கைக்கோளை அவை நன்றாகவே கெடுக்கும். டிசிகானை உரைகல்லாக வைத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

புதியவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது ஓக்லஹோமாவின் லாமண்ட் நிலையம். தட்டையான நிலம், நல்ல வெயில், பக்கத்தில் பெரிய நகரம் இல்லை. உங்கள் நிரலில் பிழை இருந்தால் அங்கே சட்டென்று தெரிந்துவிடும்.

சரி, அளவுகளைத் தேர்ந்தெடுப்போம். பயனர்களுக்கென்று சுருக்கித் தரும் ஓசிஓ-2 லைட் கோப்பில், குவாலிட்டி ஃபிளாக் 0 (தரம் நன்று) என்று இருப்பவற்றை மட்டும் எடுங்கள். ஓசிஓ-2 உள்ளூர் நேரம் பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில் கடக்கிறது. அதற்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் உள்ள டிசிகான் அளவுகள் போதும். இடத்துக்கு, நிலையத்தைச் சுற்றி அட்சரேகையில் 2.5 பாகை, தீர்க்கரேகையில் 5 பாகை கொண்ட பெட்டி போடுவது வழக்கம். பெட்டிக்குள் விழுபவற்றின் இடைநிலை மதிப்பை எடுங்கள். ஒற்றை அளவை நம்பிப் பேசாதீர்கள்.

ஆனால் அந்தப் பெட்டியை எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி போடக்கூடாது. பசடேனா நிலையம் லாஸ் ஏஞ்சலிஸ் படுகைக்குள் இருக்கிறது. மலைத்தொடரைத் தாண்டினால் மொஹாவி பாலைவனம், அங்கே எட்வர்ட்ஸ் நிலையம். படுகைக்குள் நகரப் புகை தேங்கியிருக்கும், மலைக்கு அப்பால் காற்று தெளிவு. பெரிய பெட்டி இரண்டையும் கலந்துவிடும். பிறகு செயற்கைக்கோள் குறைத்துக் காட்டுகிறது என்று எழுதுவீர்கள், அது பாவம் ஒரு தவறும் செய்திருக்காது. இப்படிப்பட்ட இடங்களில் டார்கெட் முறை அளவுகளைத் தேடுங்கள். கடந்து போகும்போதே கருவியைத் திருப்பி நிலையத்தையே பார்த்து எடுத்தவை அவை.

அடுத்தது பலரும் தாண்டிப் போகும் படி. இரண்டு கருவிகளும் காற்றுத்தூணின் எல்லா உயரங்களையும் ஒரே அளவு உணர்வதில்லை. எந்த உயரத்தை எவ்வளவு உணர்கிறது என்று சொல்வது ஆவரேஜிங் கெர்னல். கருவி உணராத பங்கை, கணக்கு தொடங்கும்போது வைத்த முன்மதிப்பு நிரப்புகிறது. இரண்டு கணக்குகளும் வெவ்வேறு முன்மதிப்பில் தொடங்கியிருந்தால், காற்றில் இல்லாத வித்தியாசம் ஒன்று தாளில் வந்துவிடும். செய்ய வேண்டியது இது. டிசிகானின் முன்மதிப்பு வரைவை (எந்த உயரத்தில் எவ்வளவு என்ற பட்டியல்), அளந்த மதிப்புக்கும் முன்மதிப்புக்கும் உள்ள விகிதத்தால் பெருக்குங்கள். அதை ஓசிஓ-2இன் 20 அழுத்த மட்டங்களுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு மட்டத்திலும் ஓசிஓ-2 முன்மதிப்பைக் கழித்து, கெர்னலாலும் அழுத்த எடையாலும் (தூணில் அந்த மட்டத்துக் காற்றின் பங்கு) பெருக்கிக் கூட்டுங்கள். அந்தக் கூட்டலோடு ஓசிஓ-2இன் தூண் முன்மதிப்பைச் சேருங்கள். செயற்கைக்கோள் மதிப்பை ஒப்பிட வேண்டியது இந்த எண்ணோடுதான்.

இங்கே இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஓசிஓ-2 மட்டங்கள் உச்சியிலிருந்து கீழே வரும், டிசிகான் வரைவு தரையிலிருந்து மேலே போகும். திருப்ப மறந்தால் நிரல் முறையிடாது, தவறான விடையை அமைதியாகக் கொடுத்துவிடும். அப்புறம், டிசிகானின் ஜிஜிஜி2020 பதிப்புக் கோப்புகளில் முன்மதிப்பு ஈரக்காற்றுக் கணக்கில் இருக்கிறது. ஒன்றிலிருந்து நீராவிப் பங்கைக் கழித்து, அதனால் வகுத்தால்தான் உலர் காற்றுக் கணக்கு வரும். நீராவி 2 சதவீதம் இருக்கும் இடத்தில் இதை விட்டால், தரையோரத்தில் 8 பிபிஎம் (பத்து லட்சத்தில் 8 பங்கு) போய்விடும். எல்லாம் சரியா என்று பார்க்க, கெர்னலை எல்லா மட்டத்திலும் 1 என்று வைத்து ஓட்டுங்கள். டிசிகானின் சொந்த மதிப்பு ஏறக்குறைய அப்படியே திரும்பி வர வேண்டும்.

மலைப்பாங்கான நிலையங்களில் தரை அழுத்தத்தைத் தனியாகப் பாருங்கள். 1 ஹெக்டோபாஸ்கல் பிசகினால் காற்றுத்தூண் 0.1 சதவீதம் மாறும், அதாவது சுமார் 0.4 பிபிஎம். கடல்மட்டத்துக்கு அருகே எட்டு ஒன்பது மீட்டர் உயரம் தவறினாலே அவ்வளவு வரும். நியூசிலாந்தின் லாடர் நிலையத்தில் இது கண்கூடாகத் தெரிந்தது. கருவி பார்க்கும் திசை கணக்கிட்டதிலிருந்து இம்மி விலகியிருக்க, மலைச்சரிவுகளின் வடிவமே கார்பன் டை ஆக்சைடு படத்தில் வந்தது. ஓசிஓ-2 தரவின் 9ஆம் பதிப்பில் இதைச் சரிசெய்தார்கள்.

இப்போது வித்தியாசங்கள் கையில் இருக்கின்றன. சராசரி பூஜ்யத்துக்கு அருகே வந்தால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். லைட் கோப்பில் முதன்மையாகக் கொடுத்திருப்பது ஏற்கெனவே டிசிகானோடு பொருத்தித் திருத்திய மதிப்பு. ஒத்துப்போகும்படி செய்ததுதான் ஒத்துப்போகிறது. திருத்தாத மூல மதிப்பும் அதே கோப்பில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், திருத்தம் எங்கே எவ்வளவு வேலை செய்கிறது என்பது புரியும்.

நான் அதிக நேரம் செலவிடுவது, வித்தியாசம் எதன் பின்னால் போகிறது என்று பார்ப்பதில்தான். சூரியன் சாய்ந்திருக்கும் கோணம், தூசியின் அளவு, தரையின் பிரதிபலிப்பு, பனி, மாதம் என ஒவ்வொன்றுக்கும் எதிரே வரைந்து பாருங்கள். நிலப்பரப்புக்கும் கடலுக்கும் தனித்தனியாக வரையுங்கள். கடலுக்கு ரீயூனியன், அசென்ஷன் போன்ற தீவு நிலையங்கள் உதவும். உலகம் முழுக்க ஒரே மாதிரி அரை பிபிஎம் கூடியிருந்தால் அவ்வளவு கவலை இல்லை. ஒரு கண்டத்தில் மட்டும் அரை பிபிஎம் குறைந்திருந்தால், அந்தக் கண்டத்துக் காடுகள் உண்மையில் உறிஞ்சாத கார்பனை உறிஞ்சியதாகக் கணக்கு வந்துவிடும். நாடுகளின் உமிழ்வைப் பற்றிப் பேசப்போகும் எண்களில் அப்படி ஒரு பொய் நுழைவதை என்னால் ஏற்க முடியாது.

முடிவை எழுதும்போது பிழையைக் குறைத்துக் காட்டாதீர்கள். நூறு அளவுகளின் சராசரி என்பதால் பிழை பத்தில் ஒன்றாகிவிடாது. ஒரே கடப்பில் எடுத்தவை ஒரே தூசியையும் ஒரே தரையையும் பார்த்தவை, அவற்றின் பிழைகளும் சேர்ந்தே சாயும். டிசிகானுக்கும் சுமார் 0.4 பிபிஎம் நிச்சயமின்மை உண்டு, அதற்குக் கீழே வரும் வித்தியாசத்தைச் செயற்கைக்கோளின் தலையில் மட்டும் கட்ட முடியாது. இரு பக்கமும் எந்த அளவுகோலில் இருக்கின்றன என்பதையும் குறிப்பிடுங்கள். உலக வானிலை அமைப்பின் அளவுகோலில் எக்ஸ்2007 பதிப்பிலிருந்து எக்ஸ்2019 பதிப்புக்கு மாறினாலே சுமார் 0.2 பிபிஎம் கூடும். தரவுப் பதிப்பு, பெட்டியின் அளவு, நேர இடைவெளி, எத்தனை அளவுகளை ஒதுக்கினீர்கள் என்பதெல்லாம் படத்துக்குக் கீழேயே இருக்கட்டும். அடுத்த பதிப்பு வரும்போது இதே கணக்கை வேறொருவர் மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும்.